எங்கன கட்டி?

மேலநீலிதநல்லூரில் சித்திரை பிறந்தால் மாம்பழத்துக்கு முன்னால் கட்டி வந்துவிடும். வேனக்கட்டி. திண்ணையில் ஒரு பையன் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இடது கையைத் தூக்காமலே சட்டையை மாட்டப் பார்க்கிறவனுக்கு அக்குளில். சைக்கிளில் ஏறி மிதிக்காமல் ஊர் எல்லையிலிருந்து உருட்டிக்கொண்டே வருகிற பெரிய மனுசருக்கு எந்த இடத்தில் என்பதை டீக்கடைச் சிரிப்பு சொல்லிவிடும்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிற ஊர். 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம், நான் வளர்ந்தபோது திருநெல்வேலி. மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும்தான் பிழைப்பு. கோடையில் கிணறு அடி தட்டிவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதுபோக மிச்சம் இருந்தால்தான் மனுசக் குளிப்பு. உடம்பெல்லாம் வேர்வையும் புழுதியும், பருத்திக் காட்டில் மார் பறித்த கீறல், வீட்டுக்கே ஒரு துண்டு. கட்டி வர இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் சூட்டுக் கணக்கில்தான் எழுதினோம். மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு, வெயிலில் அலைந்தது சூடு. கட்டி என்பது உடம்புக்குள் சேர்ந்த சூடு வெளியே வர எடுத்துக்கொண்ட வழி. துண்டின்மேல் யாரும் குற்றம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கட்டி வந்தவர்கள் முதலில் வருவது எங்கள் ஆச்சியிடம். ஆச்சி வைத்தியச்சி இல்லை. ஆறு பிள்ளை பெற்று வளர்த்தவள், அவ்வளவுதான். ஆனால் கட்டி விஷயத்தில் அவள் பேச்சுக்குத் தெருவில் மரியாதை இருந்தது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எங்கன கட்டி?" தொடை, பிட்டம், முதுகின் சதைப்பகுதி என்றால் சிரிப்பாள். "கெடக்கட்டும்ல. பழுக்கும், ஒடையும், போயிரும்." அக்குள் என்றால் "அது ஒண்ணு போனா ஒண்ணு வரும், பொறுத்துக்கிடணும்." மூக்கு, மேலுதடு என்றால் முதலில் கையில் ஒரு அடி விழும், அங்கே கையைக் கொண்டுபோனதற்காக. பிடரி என்றால் எழுந்து வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்ப்பாள்.

இரண்டாவது கேள்வி, எத்தனை நாளாச்சு. மூன்றாவது, நெறி கட்டியிருக்கா, காச்சல் குளிர் உண்டா. கேட்டுக்கொண்டே தொடைக் கட்டிக்காரனின் கவட்டில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். நெறி லேசாக இருந்தால் குற்றமில்லை. பல்லடிக்கக் குளிர் வந்ததென்றால் "இது என் கையில நிக்காது, டாக்டர்ட்ட போ" என்றுவிடுவாள். பிற்காலத்தில் நான் பார்த்த டாக்டர்கள் கட்டியைப் பற்றிக் கேட்டதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது, ஒரே ஒரு கேள்வியைத் தவிர. அந்த நாலாவது கேள்வி ஆச்சியிடம் இல்லை. அது இல்லாததற்கு எங்கள் வீடு கொடுத்த விலையைத்தான் இதில் எழுத நினைத்தேன்.

அதற்கு முன்னால் ஆச்சியின் களி. பச்சரிசி மாவு இரண்டு கை, மஞ்சள்பொடி, தண்ணீர். இரும்புக் கரண்டியில் விட்டு அடுப்பில் காட்டிக் கிண்டுவாள். பசைபோல் திரண்டு "புளக் புளக்"கென்று கொதி வந்ததும் இறக்கி, முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். அவள் முகம் சுளிக்காவிட்டால் நமக்கு வைக்கலாம் என்று அர்த்தம். பழைய வேட்டிக் கிழிசலில் தடவி, கட்டியின் மேல் அப்பி, அதன்மேல் வெற்றிலை வைத்துக் கட்டுவாள். ஆறிப்போனால் கழற்றி மறுபடியும் சூடாக வைப்பாள். களி கிண்டச் சோம்பலாக இருக்கிற நாளில் வெறும் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி விளக்கில் வாட்டிப் போடுவதோடு சரி. சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அது இழுத்துப் பிடித்துத் தோலை வேக வைத்துவிடும் என்று ஆச்சிக்கு அதில் சம்மதமில்லை.

எங்கள் தெருவுக்கு வந்துபோன நர்சம்மா ஒருவர் நாசரேத் பக்கத்துக்காரர். ஆச்சியின் களியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது வேதாகமத்துலயே இருக்கு" என்றார். எசேக்கியா ராஜா பிளவை வந்து சாகக் கிடந்தபோது அத்திப்பழத்தை அடையாகத் தட்டி அதன்மேல் வைக்கச் சொன்ன கதையைச் சொன்னார். ஆச்சி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பொழைச்சாரா?" என்றாள். "பதினைஞ்சு வருசம் கூடக் கெடைச்சுது" என்றார் நர்சம்மா. ஆச்சிக்கு ரொம்பத் திருப்தி. இன்றைக்கும் டாக்டர்கள் சின்னக் கட்டிக்கு முதலில் சொல்வது வெந்நீர் ஒத்தடம்தான். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு தடவைக்குப் பத்து நிமிசம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. சூட்டில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, கட்டி சீக்கிரம் இளகி முகம் காட்டுகிறது. களியில் வேலை செய்தது அதன் வெதுவெதுப்பு. மஞ்சளுக்கும் பங்கு இருந்திருக்கலாம், ஆச்சிக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் கல்லாக இருக்கும். விண்விண்ணென்று தெறிக்கும். ராத்திரிதான் வலி கூடுதல். சில நாளில் நடுவில் இளகி, மஞ்சளாக ஒரு முகம் வைக்கும். பிறகு ஒருநாள் தூக்கத்தில் புரளும்போதோ, குளிக்கும்போதோ தானாக உடையும். உடைந்ததும் வலி நின்றுவிடுகிற அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சலம் வந்து, ரத்தம் கலந்த நீர் வந்து, கடைசியில் வெளிறிய நார்போல ஆணி வரும். "ஆணி வந்துட்டா? காட்டு" என்று கிழிசல் துணியை வாங்கிப் பார்க்க நாலு பெண்களின் தலைகள் கூடும். ஆணி வராவிட்டால் கட்டி மறுபடி கூடும் என்பது ஊர்த் தீர்ப்பு. அருவருப்பான விஷயம்தான், ஆனால் தீர்ப்பு சரி. அந்த ஆணி, செத்துப்போன மயிர்க்காலும் சதையும், கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெள்ளை அணுக்களும். உடம்பு கிருமியைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பி உள்ளே வைத்துச் சாகடித்து வெளியே தள்ளுகிறது. பழுக்கும் முன் பிதுக்கினால் அந்தச் சுவர் உள்பக்கமாக உடையும். தொடையில் வந்த சாதாரணக் கட்டி யார் வைத்தியமும் இல்லாமலே இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். தழும்பு மட்டும் நிற்கும். எங்கள் தலைமுறையில் நீலிதநல்லூர்க்காரர் தொடைகளில் ஒரு கணக்கெடுப்பே நடத்தலாம்.

மூக்குப் பக்கத்துக் கட்டியை ஆச்சி ஏன் தொடவிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது சலூனில். முறைக்குக் காத்திருக்கும்போது கிடந்த பழைய வாரப் பத்திரிகையில் எகிப்து மம்மியின் சாபம் என்று ஒரு கட்டுரை. துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்த கார்னார்வான் பிரபு, 1922 நவம்பரில் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தே மாதத்தில், 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் செத்துப்போனார். சாபம், சாபம் என்று நாலு பக்கம். நடுவில் ஒரு வரியில் உண்மை ஒளிந்திருந்தது. கன்னத்தில் கொசு கடித்த தடிப்பைச் சவரக்கத்தி வெட்டிவிட்டது, அது புரையோடி ரத்தத்தில் நஞ்சேறியது, பிறகு நிமோனியா. நான் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது முன்னால் நாற்காலியில் இருந்தவருக்குக் கத்தி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கும் அதே கத்திதான். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இன்னைக்கு முடி மட்டும் போதும் அண்ணாச்சி" என்றேன்.

மூக்கு, மேலுதடு, அதைச் சுற்றிய முக்கோணத்தில் ஓடுகிற ரத்தம் கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு ரத்தக் குழிவுக்கும் போய்ச் சேர வழியிருக்கிறது. அங்கே கிருமி போய் ரத்தம் உறைந்தால் கண் வீங்கிப் பிதுங்கும், பார்வை போகும், உயிரும் போகலாம். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பு அப்படி ஆனவர்கள் பிழைப்பது அபூர்வம். இன்றைக்கு அது அரிது, ஆனால் பாதை மாறிவிடவில்லை. கண்ணாடி முன் நின்று மூக்குக் கட்டியைப் பிதுக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சியின் கைதான் நீள்கிறது.

இனி பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர். ஐம்பது தாண்டிய ஆள், நல்ல திரேகம், விவசாயச் சங்கத்தில் பொறுப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்குப் பிந்தி, சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தி, அவருக்குப் பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது. துண்டு உரசிய இடம் என்றுதான் நினைத்தார். ஆச்சி வெளிச்சத்தில் கூட்டிப்போய்ப் பார்த்தாள். "ஒரு முகமா வைக்கலியே, அங்கங்க கண்ணா இருக்கே" என்றாள். களி வைத்தாள். எருக்கம்பால் வைக்கச் சொல்லி ஒருவர் சொன்னார், அதுவும் நடந்தது. சங்கரன்கோவிலிலிருந்து புற்றுமண் வந்தது. பழுத்து ஒரு வாயாக உடைய வேண்டிய கட்டி பரந்துகொண்டே போனது. காதுக்குக் காது பிடரி கட்டியாகச் சிவந்து, தோல் சல்லடையாக ஓட்டைவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் சலம் நின்றது. தலையைத் திருப்ப முடியாது. படுக்க முடியாது. திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதில் சாய்த்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ராஜபிளவை என்றார்கள். பேர் தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. அதற்கு முந்தின ஒரு வருசமாகவே பெரியப்பா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து தொழுவத்துப் பக்கம் போவார். காலையில் அந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடப்பதைப் பெரியம்மா பார்த்திருக்கிறாள், எங்கள் எல்லோரிடமும் சொல்லியுமிருக்கிறாள். உடம்பு இளைத்தது காட்டு வேலையால் என்றோம். எறும்பையும் பிடரியையும் சேர்த்து யோசிக்க அந்த வீட்டில் ஆளில்லை. நூலில் இல்லாத சங்கதி இல்லை. சரகர், சுசுருதர் பேரில் உள்ள பழைய வைத்திய நூல்களிலேயே இனிப்பு நீர் போகிற நோய்க்காரர்களுக்கு வருகிற கட்டிகள் தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன. ஒன்றில் ஏழு வகை, இன்னொன்றில் பத்து. அந்த அறிவு எங்கள் தொழுவம் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் பெரியப்பாவுக்குப் பல்லடிக்கக் குளிர் வந்தது. போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. பேச்சு குழறியது. அப்பாவைப் பார்த்துச் செத்துப்போன தாத்தாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாசலில் போய் நின்று "காரு பிடிங்கல" என்றாள். வன்னிக்கோனேந்தல், தேவர்குளம், மானூர் என்று ஒவ்வொரு ஊராகப் போய், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தபோது நடுச்சாமம்.

அங்கே பணியிலிருந்த இளம் டாக்டர் கட்டியை ஒரு பார்வைதான் பார்த்தார். திரும்பிப் பெரியம்மாவிடம் கேட்டார்: "சீனி இருக்காம்மா?" பெரியம்மா பயந்துபோய், "வீட்ல கருப்பட்டிதான் சார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. வார்டு மூலையில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் நீலநிற மருந்து, பெனடிக்ட் கரைசல் என்று பிறகு கல்லூரி லேபில் எனக்குப் பழக்கமானது, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு விளக்கில் காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்சு குழாயை ஆட்டிவிட்டு, "நாலு பிளஸ்" என்றார். நாலாவது கேள்வி அதுதான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவும் பிந்தும், போனாலும் விழுங்கித் தீர்க்கத் திராணி இருக்காது. கிருமி பரவப் பரவ உடம்பு இன்னும் சர்க்கரையை ஏற்றும். ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கிற கூட்டு. கட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடிவே வராது. இன்சுலின் கிடைத்தது 1922-ல்தான். அதற்கு முன்னால் சர்க்கரைக்காரருக்குப் பிடரியில் ராஜபிளவை வந்தால் வீட்டார் அழத் தொடங்கிவிடலாம்.

பெரியப்பாவுக்குப் பிடரியில் கூட்டல் குறி மாதிரிக் கீறி, செத்த சதையை எல்லாம் அறுத்தெடுத்தார்கள். காலையும் மாலையும் இன்சுலின். தினமும் யூசால் என்கிற, குளோரின் வாடை அடிக்கிற நீரில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் திணித்துக் கட்டுவார்கள். அந்த வாடை வரும்போதே வார்டில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெரியப்பா கத்தமாட்டார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பெயின்ட் உரிந்து அவர் கை பட்ட இடம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

சங்கத்துத் தோழர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். பழத்தை நர்சு பிடுங்கி வைத்துக்கொண்டார். தோழர் ஆறுதலாக, "அண்ணாச்சி, மார்க்ஸுக்கும் இதே தொந்தரவுதான். உட்கார முடியாம நின்னுக்கிட்டே எழுதியிருக்காரு" என்றார். பெரியப்பா தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிக் கேட்டார், "அவருக்கு ஆறுச்சா?" தோழர் கொஞ்சம் யோசித்து, "ஆறலியே அண்ணாச்சி" என்றார். வலியோடு பெரியப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தோழர் சொன்னது நிசம். 1863-ல் ஒரு பிளவை மார்க்ஸைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய்விட்டது. 'மூலதனம்' எழுதிய காலம் முழுக்கக் கட்டிகளோடுதான் இருந்தார். முதலாளிகள் தன் கட்டிகளை நினைத்து வருந்தும்படி செய்வேன் என்கிற தோரணையில் ஏங்கல்ஸுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 2007-ல் சாம் ஷூஸ்டர் என்கிற தோல் மருத்துவர் அந்தக் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு, அது சாதாரணக் கட்டியே இல்லை, அக்குளிலும் கவட்டிலும் திரும்பத் திரும்ப வந்து புரையோடித் தழும்பேறுகிற வேறொரு நாள்பட்ட நோய் என்று எழுதினார். அக்குள் கட்டி என்றால் "ஒண்ணு போனா ஒண்ணு வரும்" என்று ஆச்சி தனியாக ஒதுக்கிவைத்திருந்த கேஸ்களில் சிலவும் இந்த வகையாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதற்குக் கீறுவது மட்டும் போதாது, வைத்தியம் வேறு.

பெரியப்பா பிழைத்தார். ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தார். பிடரியில் தோல் சுருங்கி இழுத்த பெரிய தழும்பு. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்தே வளைந்து பார்ப்பார். மழை வருமா என்று பார்ப்பதை வைத்தே வாழ்கிற சம்சாரிக்கு அது லேசான தொந்தரவு இல்லை.

எங்கள் தெருவில் வேறு மாதிரியாக முடிந்ததும் உண்டு. ஒரு பையனுக்குக் கட்டிகள் எல்லாம் ஆறிப்போய், ஆறியதையே மறந்துவிட்ட பிறகு முழங்காலுக்குக் கீழே வலி. பந்து விளையாடியதில் அடிபட்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள். காய்ச்சல் விடவில்லை. கட்டியிலிருந்த கிருமி ரத்தத்தில் ஏறி எலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. எலும்பைத் துளைத்துச் சலம் எடுத்தார்கள். ஒரு கால் அவனுக்குக் குட்டையாகவே நின்றுவிட்டது. கிருமி இப்படி இதய வால்வுக்கும், முதுகெலும்புக்கும், தசைக்குள்ளும் போகலாம். நூற்றில் பெரும்பாலோருக்கு நடக்காது. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் கட்டியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, கட்டியிலிருந்து செங்கோடாக மேலே ஏறினாலோ, ஆறிய பிறகு எலும்பிலோ முதுகிலோ வலி நின்றாலோ காத்திருக்கக் கூடாது என்கிறார்கள்.

அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து சர்ஜன். ஒரு நோயாளியின் கால் கட்டியில் இருந்து எடுத்த சலத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது கொத்துக் கொத்தாக உருண்டைகள் தெரிந்தன. 1880-ல் பெர்லினில் போய்ச் சொன்னார். திராட்சைக் குலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பேர் வைத்தது 1882-ல். கண்டுபிடித்தும் அறுபது வருசம் அதைக் கொல்ல வழியில்லை. 1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்கிற 43 வயது போலீஸ்காரருக்குப் பென்சிலின் போட்டார்கள். முகமெல்லாம் சீழ்க்கட்டி, ஒரு கண் போயிருந்தது. ரோஜா முள் கீறியது என்று ஒரு கதை, குண்டுவீச்சில் பட்ட காயம் என்று இன்னொன்று. ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். உலகத்தில் இருந்த பென்சிலினே கொஞ்சம். அவர் மூத்திரத்தில் வெளியேறிய மருந்தைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டார்கள். தீர்ந்துபோனது. மார்ச் 15-ல் இறந்தார். பெரியப்பா வார்டில் படுத்திருந்த காலத்திலோ இந்தக் கிருமி பெரும்பாலும் பென்சிலினுக்கு அடங்காததாகிவிட்டிருந்தது, வேறு மருந்துதான் போட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கண்டபடி போட்ட மாத்திரைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அதைவிட, உள்ளே சலம் தேங்கி நிற்கிற கட்டிக்கு மாத்திரை மட்டும் போட்டுப் பிரயோசனம் குறைவு. சலத்தை வெளியேற்றுவதுதான் பிரதான வைத்தியம். 2016-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கீறிச் சலம் எடுத்ததோடு வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலேயே நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குணமானார்கள். நிச மாத்திரை கொடுத்தபோது அது எண்பதைத் தொட்டது.

புற்றுமண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரும் கோமதியம்மனும் இருக்கிற கோயிலின் கதையே புற்றில்தான் தொடங்குகிறது. பிரசாதம் புற்றுமண். தோல் வியாதிக்காரர்கள் அதைக் குழைத்துப் பூசுவார்கள், நெற்றியில் இடுவார்கள். கட்டி ஆறினால் பாம்பு, தேள், கை கால் உருவம் பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். ஆடித்தபசுக்கு வருகிற சம்சாரிகள் பருத்தியும் மிளகாயுமாக விளைச்சலை அம்மனுக்குச் சூறை விடுவார்கள். நானும் நெற்றியில் இட்டுக்கொள்கிறவன்தான். ஆனால் உடைந்த புண்ணில் மண் படக்கூடாது, எந்த மண்ணும். டெட்டனஸ் கிருமி மண்ணில் வருசக்கணக்காக உறங்கிக் கிடக்கும். நெற்றிக்கு ஆகும், வாய் திறந்த கட்டிக்கு ஆகாது என்று நான் சொன்னால் அம்மன்மேல் விசுவாசம் இல்லாதவன் என்று அக்கா சொல்கிறாள். பெரியப்பா கடைசிவரை தபசுக்குப் போனார், கோயிலுக்குக் கிளம்பும் முன் இன்சுலினும் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்த நாலாவது கேள்வி வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் ஊர் ஊராகப் பெண்கள் வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையைத் திண்ணையில் வைத்துக் கொடுக்கிறார்கள். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. எறும்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போன கோடையில் அக்கா மகனுக்குத் தொடையில் கட்டி. அது ஆறியதும் இன்னொன்று, அப்புறம் முதுகில். சங்கரன்கோவிலில் விசைத்தறியில் நின்று வேலை பார்க்கிறவன். சர்க்கரை பார்த்தோம், இல்லை. திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு மூபிரோசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். காலையும் ராத்திரியும் ஐந்து நாளைக்கு, இரண்டு மூக்குத் துவாரத்துக்குள்ளும். வீட்டில் எல்லோரும் போடவேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு, வெந்நீரில் அலசி வெயிலில் காயவேண்டும். பிளேடும் தனி.

அக்காவுக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கை போய்விட்டது. "கட்டி தொடையில இருக்கு, களிம்ப மூக்குல போடச் சொல்லுதாரு. இவரு படிச்ச டாக்டர்தானா தம்பி?" நான் சொன்னேன், பத்தில் மூன்று பேர் மூக்குக்குள் இந்தக் கிருமி ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும், மூக்கைத் தொட்ட கை தொடையைச் சொறிந்தால் அங்கே கீறல் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும் என்று. "அப்ப என் மூக்குலயும் இருக்கும்கியா?" "இருக்கலாம்." "ஒன் மூக்குல?" "அதுவும் இருக்கலாம்." "மொதல்ல நீ போடு" என்று டியூபை என்னிடம் நீட்டினாள்.

துண்டு விஷயத்தில் அக்கா கெட்டிக்காரி. மறுநாளே ஆளுக்கொரு கலரில் வாங்கிவந்து கொடியில் பேர் சொல்லித் தொங்கவிட்டாள். மகனுக்குப் பச்சை, மருமகளுக்கு மஞ்சள், பேரனுக்குச் சின்னதாக ஒரு சிவப்பு. அத்தானுக்கு மட்டும் இன்னும் பழக்கம் வரவில்லை. கொல்லையில் முகம் கழுவிவிட்டு வருகிறவர் எந்தத் துண்டு கைக்கு அகப்படுகிறதோ அதில் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். "அது பச்சைல்லா, பச்சை!" என்று அக்கா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். "துண்டுல என்னட்டி பச்சை செகப்பு?" என்கிறார் அத்தான்.